வீட்டை இழுக்க ஒரு கார்

றெமிஜியசுக்கு ஒரு வீட்டில் பத்து மாதத்துக்கு மேல் இருப்புக் கொள்ளாது. 1992 இல் ரொறன்ரோவுக்கு வந்தவன், 1996 பங்குனிக்குள் நாலு அப்பாட்மென்ட் மாறியிருந்தான். நாலு முறையும் அவனுடைய சோபாவின் ஒரு பக்கத்தைத் தூக்கியவன் நான்தான் என்பதால் எனக்கு எண்ணிக்கை பிழைக்காது.

முதல் வீட்டில் லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது என்றான். இரண்டாவதில் ரயில் சத்தம். மூன்றாவதில் மேல்மாடிப் பிள்ளைகள் குதிக்கிறார்கள். நாலாவது ஸ்காபரோவில், எக்ளின்ரன் வீதியோரம், எட்டாம் மாடி. அதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவனை அதிகம் அரித்தது என்று நினைக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் பிளாஸ்ரிக் வாளி வார்க்கிற ஒரு பக்டரியில் ஒரே ஷிஃப்டில் வேலை செய்தோம். தேநீர் இடைவேளையில் எல்லாரும் இருந்து கதைப்பார்கள். அவன் மட்டும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருப்பான்.

"இந்த வீட்டிலை காத்தில்லை, சண்முகம் அண்ணை," என்றான் ஒருநாள்.

"எட்டாம் மாடியிலையோ காத்தில்லை?"

"வாற காத்து ஒரு பக்கத்தாலைதானே வருது."

எனக்கு விளங்கிவிட்டது. தமிழ்க் கடைகளின் வாசலில் ஒட்டியிருக்கும் வாடகை அறிவித்தல்களின் அடியில் ரெலிபோன் இலக்கம் எழுதித் தொங்கும் வாலைக் கிழித்துச் சட்டைப் பையில் வைக்கத் தொடங்கியிருந்தான்.

அவன் மனைவி பேர்ணடெற்றுக்கும் விளங்கிவிட்டது. அவள் மன்னாரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுக்கிற வேலைக்கு நின்றவள். சத்தம் போட்டுக் கதைக்க மாட்டாள். என்னை வைத்துக்கொண்டே அவனிடம் சொன்னாள்:

"தொண்ணூறாம் ஆண்டு ஆனியிலை சண்டை தொடங்க வீட்டை விட்டு வெளிக்கிட்டனாங்கள். மடுவிலை ரெண்டு இடம், மண்டபத்திலை காம்ப், திருச்சியிலை மூண்டு வீடு, கொழும்பிலை லொட்ஜ்... எல்லாம் சேத்துப் பதினாலு தரம் நான் மூட்டை கட்டியிட்டன். ஓடினதுக்குக் கட்டினன், சரி. இப்ப ஆர் துரத்துறது? இனி ஒரு பெட்டியும் கட்ட மாட்டன். நீங்கள் போறதெண்டால் போங்கோ. நானும் பிள்ளையளும் இஞ்சைதான்."

அவன் எழுந்து பல்கனிக்குப் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இருந்தான். பிறகும் எழுந்தான்.

அந்தச் சித்திரையில் எங்கள் பக்டரியின் மேற்பார்வையாளர் வோல்ற்றர் ஓய்வு பெற்றார். ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே அவருக்கு ஒரு பழைய தோட்டக் காணி. எங்களை எல்லாம் அங்கே ஒரு சனிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். சாப்பிட்டு முடித்த பிறகு றெமிஜியசைக் காணவில்லை. தேடிப்போனால், வைக்கோல் கொட்டிலுக்குப் பின்னால் நின்ற ஒரு வெள்ளை ட்ரெயிலருக்குள் இருந்தான். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகும் சக்கர வீடு அது. அதன் சின்ன மேசையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, ஒரு மணித்தியாலமாகச் சும்மா இருந்திருக்கிறான். அவன் அப்படி ஒரு மணித்தியாலம் ஓரிடத்தில் இருந்து நான் கண்டதில்லை.

வோல்ற்றருக்குக் கண்பார்வை குறைந்துகொண்டு வந்தது. தன் பிக்கப் லொறியை ஏற்கெனவே விற்றுவிட்டார். ட்ரெயிலரையும் யாராவது எடுத்தால் போதும் என்று இருந்தார். அவர் கேட்ட விலை மிகச் சிறியது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். இதை இழுக்கத்தக்க ஒரு வாகனத்தை முதலில் கொண்டுவந்து காட்ட வேண்டும். அதுவரை ட்ரெயிலர் கொட்டிலுக்குப் பின்னாலேயே நிற்கும். றெமிஜியசின் சின்னக் காரை அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இதைப் பூட்டினால் ட்ரெயிலர்தான் காரை இழுத்துக்கொண்டு போகும்," என்றார்.

அடுத்த கிழமை பேர்ணடெற்றைக் கூட்டிக்கொண்டு போனான்.

"கட்டில், அடுப்பு, அலுமாரி, கக்கூஸ் எல்லாம் உள்ளுக்கை. கப்பு கூடக் கொழுக்கியிலை தொங்குது, பாரும். பெட்டி கட்டத் தேவையில்லை. வீடே வரும்."

அவள் ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்து மூடினாள்.

"இதுக்குள்ளை அடுக்கினால் பிறகு நான் இறக்கி ஏத்தத் தேவையில்லையோ?"

"இல்லை."

"அப்ப இதைப் பாருங்கோ. அப்பாட்மென்டை மாத்துற கதையை விடுங்கோ."

அப்படித்தான் அந்த ஒப்பந்தம் நடந்தது. அன்றிலிருந்து றெமிஜியஸ் கார் தேடத் தொடங்கினான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கிங்ஸ்ரன் வீதியில் பாவித்த கார் விற்கும் இடங்கள் வரிசையாக இருந்தன. முதல் இடத்தில் பெரிய குழப்பம். ஊரில் நாங்கள் சக்கர வீட்டைக் 'கரவன்' என்றுதான் சொல்லிப் பழகியிருந்தோம். "கரவனுக்கு ஒரு கார் வேணும்," என்று தன் ஆங்கிலத்தில் சொன்னான். விற்பனையாள் சந்தோசமாக ஒரு மினிவானுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். கனடாவில் அந்தப் பெயரில் ஒரு வான் ஓடுகிறது என்பது அதுவரை எங்களுக்கு உறைக்கவில்லை. "இதில்லை, கரவனை இழுக்க," என்றான் றெமிஜியஸ். "இதை யாரும் இழுக்கத் தேவையில்லை ஐயா, நல்லாய் ஓடும்," என்றான் விற்பனையாள். இரண்டாவது இடத்திலும் இதே கதைதான் நடந்தது. மூன்றாவது இடத்தில், தான் பிழைவிடுவது தெரிந்து, கையால் ஒரு பெட்டியும் இரண்டு சில்லும் காற்றில் கீறிக் காட்டினான்.

அவனுக்கு எதைப் பார்த்தாலும் அன்றே எடுக்க வேண்டும். ஒரு சனி பிக்கப் லொறி. நல்ல பலம், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் முன்னால் மூன்று பேர்தான் இருக்கலாம். அவனுக்குப் பெண்பிள்ளைகளே மூன்று பேர். "மாறி மாறி வரட்டும்," என்றான். அடுத்த சனி ஒரு பெரிய வான், பன்னிரண்டு பேர் இருக்கலாம். பேர்ணடெற் அவர்களுடைய கட்டடத்தின் நிலத்தடித் தரிப்பிடத்துக்குப் போய், வாசலில் தொங்கிய மஞ்சள் கம்பியின் உயரத்தை வாசித்துக்கொண்டு வந்தாள். ஆறடி இரண்டங்குலம். வானின் கூரை அதற்கு மேலே அரையடி. "வெளியிலை விடுவம்," என்றான். "பனிக்குள்ளை ஆர் தோண்டுறது?" என்றாள். அதற்கடுத்த சனி ஜீப் மாதிரி ஒன்று. அதன் விலையைக் கேட்டுவிட்டு நாங்களே விலகி வந்தோம்.

வைகாசி நடுவில் அவன் ஒரு மனிதனாகவே இல்லை. வேலையில் வாளிகளுக்குப் பதிலாகக் கார்களைப் பற்றியே கதைத்தான். விளம்பரக் கடதாசிகளில் வட்டம் போட்டுப் போட்டுப் பேனையின் மை முடிந்தது. ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். வாடகை அறிவித்தல்களின் வாலைக் கிழிப்பதை நிறுத்தியிருந்தான்.

வைகாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு என் வீட்டுக்கு வந்தான். மூத்தவள் ஷரோனும் கூட வந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது.

"அண்ணை, உங்கடை வானிலை ஒரு கொக்கி கிடக்கெல்லே?"

கிடந்தது. என் மினிவானை முதலில் வைத்திருந்தவன் சின்னப் படகு இழுக்கவென்று பூட்டியது.

"ஒருக்காப் பூட்டி ஓடிப் பாப்பம். எனக்கு அந்த உணர்வு தெரிஞ்சால்தான் எந்தக் கார் எண்டு முடிவெடுக்கலாம்."

"வோல்ற்றர் விடமாட்டாரே."

"அவர் கண் ஒப்பிரேசனுக்கு ஆஸ்பத்திரியிலை. பத்துக் கிலோமீற்றர்தானே அண்ணை. ஓடிப் பாத்திட்டுக் கொண்டுவந்து விட்டிடுவம்."

நான் மறுத்திருக்க வேண்டும். வானின் திறப்பை எடுத்துக் கொடுத்தேன்.

ட்ரெயிலருக்குத் தனியாகப் பிறேக் இருந்தது. ஆனால் அது வேலை செய்ய வாகனத்தில் ஒரு சின்னப் பெட்டி பூட்டியிருக்க வேண்டும் என்று வோல்ற்றர் சொல்லியிருந்தார். என் வானில் அது இல்லை. றெமிஜியசுக்கும் அது தெரியும். அதைவிட, உண்மையான பயணம் மாதிரி இருக்கட்டும் என்று தண்ணீர்க் கலன்கள், சமையல் வாயு, பிள்ளைகளின் இரண்டு சைக்கிள், கொட்டிலில் கிடந்த கொங்கிறீற் கற்கள் எல்லாவற்றையும் ஏற்றினான். கதவு பின்பக்கம். ஆகவே எல்லாமே பின்பக்கத்தில் கிடந்தன.

நெடுஞ்சாலை நாற்பத்தெட்டில் தெற்கே திரும்பினோம். முதல் ஐந்து நிமிடம் நன்றாகத்தான் போனது. அவன் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. பிறகு ஒரு இறக்கம் வந்தது. எதிரே ஒரு மண் லொறி வேகமாகக் கடந்தது. அது தள்ளிய காற்றில் ட்ரெயிலரின் வால் மெதுவாக ஒரு பக்கம் போனது. திரும்பி வந்தது, அதைவிடக் கூட மற்றப் பக்கம் போனது. வானின் பின்பக்கத்தை யாரோ பிடித்து உலுப்புகிற மாதிரி இருந்தது. என் பக்கக் கண்ணாடியில் ட்ரெயிலரின் முழுச் சுவரும் தெரிந்தது. அடுத்த கணம் அது அவன் பக்கக் கண்ணாடியில் நின்றது.

றெமிஜியஸ் பிறேக்கை மிதித்தான். ஆட்டம் இரண்டு மடங்கானது.

"மிதியாதை! காலை எடு!" என்று கத்தினேன். அது எனக்குத் தெரிந்து சொன்னதல்ல, பயத்தில் வாயில் வந்தது. அவன் காலை எடுத்தான். இறக்கம் முடிந்து சமதரை வந்தது. வான் சரளைக் கல்லில் இறங்கிச் சறுக்கி, ட்ரெயிலரின் ஒரு சில்லு வாய்க்காலுக்குள் விழ, எல்லாம் நின்றது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. றெமிஜியசின் இரண்டு கையும் ஸ்ரியறிங்கை விடவில்லை. பின்னாலிருந்து ஷரோன் மெல்லக் கேட்டாள்:

"அப்பா, இஸ் இற் ஓவர்?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவனால் திரும்ப முடியவில்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் ட்ராக்ரர் கொண்டுவந்து இழுத்தெடுத்து, ட்ரெயிலரைத் தானே வோல்ற்றரின் காணியில் கொண்டுபோய் விட்டார். திரும்பி வரும்போது நான்தான் வானை ஓட்டினேன்.

ஷரோன் வீட்டுக்குள் போய்ச் சப்பாத்துக் கழற்ற முன்னமே தாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அரை மணித்தியாலத்தில் எனக்கு ரெலிபோன் வந்தது. பேர்ணடெற். ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன்.

"அண்ணை, எல்லாரும் சுகம்தானே?"

"ஓம் தங்கச்சி. என்னிலைதான் பிழை."

"அதைப் பிறகு கதைப்பம். வால் ஆடேக்கை, முன்பக்கம் எழும்பின மாதிரி இருந்ததோ? வானின்ரை பின்பக்கம் லேசாக் கிடந்ததோ?"

யோசித்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

"பின்னாலை என்னென்ன ஏத்தினவர்?"

சொன்னேன். கொங்கிறீற் கற்களைச் சொன்னபோது மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"சங்கக்கடையிலை தள்ளுவண்டியிலை மா மூட்டையைப் பின்னாலை போட்டால் கைபிடி மேலை எழும்பும் அண்ணை. பிறகு வண்டி சொல்வழி கேளாது," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகு றெமிஜியஸ் கார் பற்றிப் பேசவில்லை. விளம்பரக் கடதாசிகளை வாங்குவதையும் விட்டான். இடைவேளையில் நடக்கிற நடை மட்டும் கூடியது. இப்போது கதவு வரை போனவன் வெளியே இறங்கித் தரிப்பிடத்தைச் சுற்றிவிட்டு வந்தான். ஆனி முதல் கிழமை பேர்ணடெற் அவனுடைய மேற்சட்டையைத் தோய்க்க எடுத்தபோது பைக்குள் ஒரு படிவம் கிடந்தது. அப்பாட்மென்டை விடுகிறோம் என்று நிர்வாகத்துக்குக் கொடுக்கும் அறிவித்தல். அவன் கையெழுத்து இருந்தது. அவளுடையதும் வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

அவள் அழவில்லை. படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் அவனுடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு மூண்டு கிழமை தாங்கோ," என்றாள். "மூண்டு கிழமைக்குள்ளை நான் ஒரு கார் பாக்கிறன். இல்லையெண்டால் கையெழுத்துப் போடுறன்."

"நான் அதை இனி இழுக்க மாட்டன், பேர்ணடெற். என்ரை பிள்ளை பின்னாலை இருந்தது."

"உங்களை ஆர் இழுக்கச் சொன்னது?"

இப்போது அமைதியில்லாமல் அலைகிற முறை அவளுடையது. அவள் மார்க்கம் நகரில் ஒரு பேக்கரியில் விடியற்காலை வேலை செய்தாள். வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் கார் விற்கும் இடங்களுக்குப் போனாள். ஆனால் அதற்கு முதல் அவள் செய்த காரியம், பாரம் நிறுத்தது. ட்ரெயிலரின் தகட்டில் இரண்டாயிரத்து முந்நூறு இறாத்தல் என்று எழுதியிருந்தது. அந்தத் தகடு இருபது வருடப் பழசு. பிறகு வோல்ற்றர் உள்ளே அலுமாரி அடித்திருந்தார், இரண்டாவது பற்றரி வைத்திருந்தார், வெளியே மடக்குக் கூரை பூட்டியிருந்தார். "எழுதியிருக்கிறதை நம்பி நான் ஒருநாளும் மூட்டை வாங்கினதில்லை," என்றாள். அந்த ட்ராக்ரர்க்காரரிடமே கேட்டு, அவருடைய லொறியில் பூட்டி, கிட்டவிருந்த சரளைக்கல் கிடங்கின் தராசில் ஏற்றினோம். மூவாயிரத்து நூற்று நாற்பது. வோல்ற்றர் ஒரு கண்ணில் கட்டோடு நின்று தலையை ஆட்டினார். எங்கள் மீதிருந்த கோபம் அன்றுதான் அவருக்குக் குறைந்தது.

"வெறும் ட்ரெயிலர் இது. தண்ணி, சாப்பாடு, அரிசி, உடுப்பு, பாய் தலாணி... மூவாயிரத்தைநூறு எண்டு வையுங்கோ," என்றாள் பேர்ணடெற். "அப்ப நாலாயிரம் இழுக்கிற கார் வேணும். மூச்சுவாங்கி இழுக்கிறது எனக்கு வேண்டாம்."

அவள் பார்த்த முறையும் வேறு. றெமிஜியஸ் எஞ்சினைக் கேட்பான். அவள் முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்து, இவ்வளவு பாரம் இழுக்கலாம் என்று கைநூலில் எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்வாள். காட்ட முடியாதவர்களிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவாள். பிறகு அளவு நாடாவை எடுத்துக் கூரையின் உயரத்தை அளப்பாள். பதினொரு காரை அப்படித் தள்ளினாள். இரண்டு கிழமை போனது. முகம் வாடிவிட்டது. "அண்ணை, நேற்று அவர் ரெண்டு வெறும் பெட்டி கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழை வைச்சிருக்கிறார்," என்றாள் என்னிடம்.

மூன்றாம் கிழமை, பேக்கரிக்குப் பக்கத்துச் சுப்பர்மார்க்கற்றின் பலகையில் ஒரு கடதாசி கண்டாள். மார்க்கத்தில் ஒரு விதவை விற்கிற ஸ்ரேஷன் வாகன், 1987 ஆம் ஆண்டுக் கார். நானும் எங்கள் மெக்கானிக் நவரட்ணமும் கூடப் போனோம்.

கப்பல் மாதிரி நீளம். இரண்டு பக்கமும் மரப்பலகை நிறத்தில் ஸ்ரிக்கர். எட்டு சிலிண்டர் எஞ்சின், பின்சில்லில் இழுவை. பின்னால் கதவைத் திறந்தால் அதற்குள்ளும் ஒரு இருக்கை. அந்த அம்மாவின் கணவர் பதினைந்தடிப் படகு இழுக்கவென்றே அதை வாங்கியிருந்தார். கொக்கி, கியர் எண்ணெயைக் குளிர வைக்கும் றேடியேற்றர், ட்ரெயிலர் பிறேக்குக்கு வயர் எல்லாம் பூட்டியபடி இருந்தன. நவரட்ணம் கீழே படுத்து அரை மணித்தியாலம் பார்த்தார். துருவைத் தட்டிப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இதை இப்ப ஒருத்தரும் வாங்க மாட்டினம் தங்கச்சி. எல்லாருக்கும் மினிவான்தான் வேணும். அதாலைதான் இந்த விலை. ஆனால் உங்கடை வேலைக்கு இதுதான்," என்றார்.

பேர்ணடெற் கைநூலை வாங்கி வாசித்தாள். ஐயாயிரம் இறாத்தல். நாடாவால் அளந்தாள். ஐந்தடிக்குள். பிறகு தானே ஓட்டிக்கொண்டு போய், ஒரு ஏற்றத்தில் பாதி வழியில் நிறுத்தித் திரும்ப எடுத்தாள். அது முனகாமல் ஏறியது.

"பெற்றோல் குடிக்கும் தங்கச்சி," என்றேன்.

"குடிக்கட்டும் அண்ணை. நான் வேலைக்குச் சின்னக் காரிலை போவன். இது தூரம் போகத்தானே."

அதை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது குடும்பம் முழுக்க இறங்கி வந்தது. சின்னவர்கள் இரண்டு பேரும் பின் இருக்கைக்குள் பாய்ந்தார்கள். றெமிஜியஸ் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"பிரேதம் ஏத்துற கார் மாதிரிக் கிடக்கு."

ஷரோன் இரண்டடி தள்ளி நின்றாள். "அம்மா, நோ வே. என்ரை ஃப்ரென்ட்ஸ் பாத்தால் ஐ வில் டை."

"ஒருத்தரும் சாகாத காராப் பாத்துத்தான் எடுத்தனான்," என்றாள் பேர்ணடெற்.

ஷரோன் தகப்பனைப் பார்த்தாள். பிறகு பின்கதவைத் திறந்து ஏறி இருந்தாள்.

வோல்ற்றர் இந்தக் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு ட்ரெயிலரைக் கொடுத்தார். ஆடியில் பக்டரி இரண்டு கிழமை பூட்டுவார்கள். அதற்கு முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வோல்ற்றரின் காணியைச் சுற்றியிருந்த வெறும் சாலைகளில் பேர்ணடெற் இழுத்துப் பழகினாள். பிறேக் பெட்டியை நவரட்ணம் பூட்டிக் கொடுத்தார். ட்ரெயிலரின் மூக்குக் காரின் மேல் எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று பார்க்க, வீட்டில் ஆள் நிறுக்கும் தராசையும் ஒரு பலகையையும் கொண்டுவந்தாள். மூக்குப் பாரம் அவள் கணக்குக்கு வரும்வரை அரிசிப் பையையும் தண்ணீர்க் கலனையும் உள்ளே முன்னும் பின்னும் நகர்த்தினாள். றெமிஜியஸ் வேலிக் கம்பியில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றான். ஓட்டச் சொல்லிக் கேட்டதற்கு, "கை வருகுதில்லை," என்றான். அவள் வற்புறுத்தவில்லை.

ஜோர்ஜியன் குடாப் பக்கம் போவதாக முடிவு. என்னையும் வானில் குடும்பத்தோடு பின்னால் வரச் சொன்னாள். "வால் ஆடினால் லைற்றைப் போட்டுக் காட்டுங்கோ அண்ணை." அதனால் பாரி சவுண்ட் வரைக்கும் நான் காட்டையோ பாறையையோ பார்க்கவில்லை. அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டு போனேன். பெரிய லொறிகள் கடந்தபோது என் நெஞ்சுதான் ஆடியது. ட்ரெயிலர் ஆடவில்லை. முன்னிருக்கையில் றெமிஜியசின் கை கதவின் மேற்பிடியை விடாமல் பிடித்திருந்ததாகப் பிறகு ஷரோன் சொன்னாள். பாதி வழியில் அதை விட்டானாம். பத்து நிமிடத்தில் திரும்பப் பிடித்தானாம்.

கூடாரம் போட்டுத் தங்கும் முதல் முகாமில் இறங்கி மூன்று மணித்தியாலம் ஆகவில்லை. "இந்த இடம் சரியில்லை, நிலம் ஈரம்," என்றான். அவன் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டான். என் மனைவி என்னைப் பார்த்தாள். பேர்ணடெற் அடுப்பை அணைத்தாள்.

"ஓம். அப்ப கொக்கியைப் பூட்டுங்கோ. வேறை இடம் பாப்பம்."

அவன் திகைத்துப்போனான். "உண்மையாவோ?"

"ஏன், நான் என்ன மூட்டையோ கட்டவேணும்? கப்பைக் கொழுவிப்போட்டுக் கதவைச் சாத்தினால் சரிதானே."

இருபது நிமிடத்தில் புறப்பட்டார்கள். நாங்கள் கூடாரத்தைப் பிடுங்கி மடித்து முடிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. இரண்டாம் இடத்தில் ஒருநாள் நின்றான். பிறகு பக்கத்து ஆட்களின் வானொலிச் சத்தம் என்றான். "ஓம், பூட்டுங்கோ," என்றாள். மூன்றாம் இடத்துக்குப் போகும்போது முகாமின் மண்பாதையில் அவள் காரை நிறுத்தி, இறங்கி மற்றப் பக்கம் வந்து நின்றாள். அவன் ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தான். மணிக்கு இருபது கிலோமீற்றர் வேகம். பின்னால் போன எங்களை இரண்டு சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள். நாங்கள் அன்று விடைபெற்று வந்துவிட்டோம்.

மிச்சத்தை அவள் பிறகு சொன்னாள். நாலாவது இடம் பாறைக் கரை. இரண்டாம் நாள் காலை வழக்கம்போலத் தானே கதிரைகளை மடிக்கத் தொடங்கினாளாம்.

"ஏன் மடிக்கிறீர்?"

"வெளிக்கிடுறதெண்டால் வெயில் ஏற முதல்..."

"ஏன் இப்ப அவசரம்? நிண்டிட்டுப் போவம்."

அவள் மடித்த கதிரையைத் திரும்ப விரித்தாள். நாலு நாள் நின்றார்கள். அங்கே அவன் மத்தியானத்தில் தூங்கினானாம். "கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை பகலிலை நித்திரை கொண்டு நான் காணேல்லை அண்ணை."

திரும்பி வரும்போது முழு வழியும் அவன்தான் ஓட்டினான். எண்பதுக்கு மேலே போகவில்லை. பின்னால் அரை மைல் நீளத்துக்குக் கார்கள். ஹோன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று இருந்தானாம்.

றெமிஜியஸ் அதன் பிறகு சாந்தமான மனிதனாகிவிட்டான் என்று நான் சொன்னால் அது பொய். தேநீர் இடைவேளையில் இன்னும் நடக்கத்தான் செய்தான். மாசி பிறந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் வோல்ற்றரின் காணிக்குப் போய், பனிக்குள் நின்ற ட்ரெயிலரின் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் உள்ளே இருந்துவிட்டு வருவான். வோல்ற்றருக்கும் அது துணை. ஆனால் எட்டாம் மாடி வீட்டை விட்டு அவர்கள் போகவில்லை. சோபா இருந்த இடத்திலேயே இருந்தது.

1998 கோடையில் நானும் அந்த ஸ்ரேஷன் வாகனில் ஒருமுறை போனேன். சட்பரிக்கு அங்காலே ஒரு சந்தியில் றெமிஜியஸ் காரை நிறுத்தினான். இடப்பக்கம் ஒரு ஏரியின் பெயர், வலப்பக்கம் இன்னொரு ஏரியின் பெயர். இரண்டும் எங்களுக்குத் தெரியாது. அவன் விரல்கள் ஸ்ரியறிங்கில் தாளம் போட்டன. இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான்.

"எந்தப் பக்கம் போவம்?"

பேர்ணடெற் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளையைப் பின்னால் இருந்த ஷரோனிடம் நீட்டினாள்.

"எந்தப் பக்கமெண்டாலும் போங்கோ," என்றாள். "லொறி ஒண்டு வருது, அது போகட்டும். பாத்து எடுங்கோ."